ஒரே பெயிண்ட், ஐந்து சுவர்: செங்கோட்டை வீட்டில் பிரைமர் எங்கே தேவைப்பட்டது, எங்கே தேவைப்படவில்லை

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "அண்ணாச்சி, பட்டாசல் சுவர் தோல் உரியுற மாதிரி உரியுது. மழை விட்டதும் ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார் அந்த வீட்டு அக்கா. பட்டாசல் என்றால் எங்கள் பக்கம் வீட்டின் முன்கூடம். அவர் மகள் கல்யாணத்துக்காக, சித்திரைக் கடைசியில் அந்த வீடு முழுக்க உள்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவன் நான்தான். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

போய்ப் பார்த்தேன். எல்லா அறைக்கும் ஒரே கம்பெனி எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்), ஒரே தரம், இரண்டு கோட்டிங். அடித்ததும் நானும் என் இரண்டு ஆட்களும்தான். ஆனால் அறைக்கு அறை நிலைமை வேறாக இருந்தது. பட்டாசலில் பெயிண்ட் ஏடு ஏடாகத் தொங்கியது. அடுக்களையில் பழுப்புக் கறை மேலே வந்திருந்தது. கீழ்ப் படுக்கையறையில் இடுப்பளவு உயரம் வரை கொப்புளம். குளியலறைக்குப் போகும் நடையில் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. மாடியில் இரண்டு அறையும் அடித்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன.

பெயிண்டுக்கு முன்னால் சுவரில் அடிக்கும் அடிப்பூச்சுதான் பிரைமர். அந்த வீட்டில் நான் அதை அடித்தது ஒரே ஒரு அறைக்குத்தான். கொப்புளம் கிளம்பிய கீழ்ப் படுக்கையறைதான் அது. "பிரைமர் அடிச்ச ரூம்தான் ரொம்ப மோசம். அடிக்காத மாடி ரூம் நல்லாருக்கு. அப்போ பிரைமர் எதுக்குத்தான் அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலை செய்தும் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சுவர் சுவராகச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தச் சோதனையும், அதன் பிறகு செய்த வேலையும், ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததும்தான் இங்கே எழுதியிருப்பது.

வீடும் ஊரும்

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர். அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கம். பழைய வீடு என்று எங்கள் ஊரில் சொன்னால் அந்தக் காலத்து வீடுதான்: ஒன்றரை அடிக் கனத்தில் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், மேலே ஓடு, உள்ளே காரைப் பூச்சு. இந்த வீட்டின் முன்பகுதி அப்படிப்பட்டது. பின்பகுதியும் மாடியும் பிற்பாடு சிமெண்டில் கட்டியவை. குளியலறை நடையில் மட்டும் கல்யாணத்துக்காகக் குழாய் மாற்றி, சுவரை வெட்டிப் புதிதாகப் பூசியிருந்தார்கள்.

மேற்கே கேரளத்துப் பக்கம் இருக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் எங்களுக்குச் சாரல் மழை வருகிறது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சாரல். குற்றாலத்தில் அருவி விழுகிற நாளெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்களும் ஈரக்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தை பிறந்ததிலிருந்து சித்திரை வரைதான் சுவர் உண்மையாகவே காய்கிற காலம். சித்திரையில் அடித்த பெயிண்ட் எதுவும் வைகாசியில் குறை சொல்லாது. ஆடிதான் அதற்குப் பரீட்சை.

பட்டாசல்: ஒட்டிய இடமே ஒட்டாத இடம்

உரிந்து தொங்கிய பெயிண்ட் ஏட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மாவு தடவியதுபோல வெள்ளைப் பொடி. அதாவது பெயிண்ட் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் அது ஒட்டியது சுவரில் அல்ல, சுவர்மேல் கிடந்த பொடியில். பெயர்ந்த ஓரத்தில் பிளேடால் சீவிப் பார்த்தால் மேலே வெளிர்பச்சை டிஸ்டம்பர் (தண்ணீரில் கரைத்து அடிக்கும் பழைய வகைப் பொடிப் பெயிண்ட்), அதற்குக் கீழே நீலம் கலந்த வெள்ளை, அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்பு, மறுபடி நீலம். பதினோரு அடுக்கு வரை எண்ணினேன். பொங்கலுக்குப் பொங்கல் மட்டை பிடித்து வெள்ளையடித்த வீடு அது.

எமல்ஷன் காயும்போது அதிலுள்ள தண்ணீர் போய், அது ஒரு தோலாகச் சுருங்கி இறுகும். இறுகும்போது கீழே இருப்பதைப் பிடித்து இழுக்கும். கீழே இருப்பது கெட்டியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த பொடியாக இருந்தால், அந்த அடுக்குகளுக்கு நடுவில் எது பலவீனமோ அங்கே விட்டுப்போகும். வெயில் காலத்தில் அது எப்படியோ தாங்கிக்கொள்ளும். பழைய டிஸ்டம்பர் பொடியில் பிடிப்புக்கு இருக்கும் பசை ஈரம் பட்டால் இளகுவது. சாரல் தொடங்கியதும் அந்தப் பிடியும் போய்விட்டது. சித்திரையில் அடித்தது ஆடியில் உரிந்ததற்குக் காரணம் இதுதான்.

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. சித்திரையில் அந்தச் சுவரை உள்ளங்கையால் தேய்த்தபோதே கை வெள்ளையாகித்தான் வந்தது. கல்யாண நாள் நெருங்கிவிட்டது என்று, தளர்ந்த இடத்தை மட்டும் தட்டிவிட்டு, தூசி துடைத்து, நேராக எமல்ஷன் அடித்துவிட்டேன். தவறு என் மேல்தான்.

ஆனால் ஒன்று. "பிரைமர் அடித்திருந்தால் நின்றிருக்குமா" என்பதற்கு நேரான பதில்: அந்த நிலையில் அடித்திருந்தால் நின்றிருக்காது. இதை ஊகமாகச் சொல்ல மனம் வரவில்லை. தையில் வேலையைத் திரும்பத் தொடங்கியபோது, கதவுக்குப் பின்னால் மறைகிற சுவரில் மூன்று சதுரம் ஒதுக்கினேன். முதல் சதுரத்தில் சுரண்டாமல் பிரைமர், மேலே இரண்டு கோட்டிங். இரண்டாவதில் கெட்டிக் காரை தெரியும் வரை நனைத்துச் சுரண்டி, கழுவி, காயவிட்டுப் பிரைமர், பிறகு இரண்டு கோட்டிங். மூன்றாவதில் அதே மாதிரி சுரண்டி, பிரைமர் இல்லாமல் இரண்டு கோட்டிங். ஏழு நாள் விட்டு, ஒவ்வொன்றிலும் பிளேடால் பெருக்கல் குறி கீறி, பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தேன்.

முதல் சதுரம் பிரைமரோடு சேர்ந்து முழுசாக டேப்பில் வந்துவிட்டது. மூன்றாவதில் கீறிய ஓரங்களில் மெல்லிய ஏடு, அதன் முதுகில் லேசான பொடி. இரண்டாவதில் எதுவும் வரவில்லை.

அதனால் சுண்ணாம்புச் சுவரிலும் பொடி டிஸ்டம்பர் சுவரிலும் பிரைமர் கட்டாயம், ஆனால் அது சுரண்டலுக்குப் பதில் ஆகாது. சுரண்டிக் கழுவிய பிறகும் காரையின் மேல்தோலில் கொஞ்சம் பொடி இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்துக்குள் ஊறிப்போய் அதைக் காரையோடு சேர்த்துக் கட்டுவதுதான் பிரைமரின் வேலை. விரல் கனத்துக்கு நிற்கும் பழைய வெள்ளையை அது கட்டாது. இந்தச் சுவருக்கு நான் எடுத்தது டர்பன்டைன் கலந்து அடிக்கும் எண்ணெய் வகைச் சிமெண்ட் பிரைமர். பொடிப்புள்ள, நன்றாகக் காய்ந்த பழைய சுவரில் தண்ணீர் வகையைவிட அது உள்ளே இறங்கும். அடித்துக் காய்ந்ததும் மறுபடி உள்ளங்கையால் தேய்த்தேன். கையில் எதுவும் ஒட்டவில்லை என்றால்தான் அடுத்த வேலை. இரண்டு இடத்தில் ஒட்டியது. அங்கே மட்டும் திரும்பச் சுரண்டினேன்.

மூன்று ஆள், நாலு நாள் சுரண்டல். அந்தக் கூலியை நான் ஏற்றுக்கொண்டேன், சாமானை அக்கா வாங்கிக் கொடுத்தார். பிரைமர் செலவு என்று ஜனங்கள் கணக்குப் போடுவது டப்பாவின் விலையை. இந்த மாதிரிச் சுவரில் செலவு டப்பாவில் இல்லை, அதற்கு முந்தின நாலு நாளில் இருக்கிறது. வேலை பேசும்போதே இதைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளாத பெயிண்டர் பிறகு அவசரப்படத்தான் செய்வார்.

கீழ்ப் படுக்கையறை: பிரைமர் அடித்தும் போன சுவர்

மொத்த வீட்டிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். சித்திரையிலேயே அந்த மேற்குச் சுவரின் அடிப்பகுதி சரியில்லை என்று அக்கா சொன்னார். அதனால்தான் அந்த அறைக்கு மட்டும் பிரைமர் அடித்தேன். ஆடியில் பார்த்தபோது கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் உடைத்தேன். உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை முளைத்திருந்தது.

என் கூட வேலை செய்கிறவரில் ஒருவர் மலையாளம் பேசும் ஆரியங்காவுக்காரர். பார்த்ததும் "பூப்பலாணு" என்றார். நாங்கள் பூசணம் என்று சொல்வதை அவர்கள் பூப்பல் என்பார்கள். நான் ஒரு துளி தண்ணீர் தொட்டு வைத்தேன். கரைந்துவிட்டது. பூசணம் கரையாது, உப்புத்தான் கரையும். இரண்டையும் குழப்பினால் வைத்தியமும் மாறிப்போகும். பூசணம் என்றால் ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்துக் கொன்றுவிட்டுத்தான் மேலே எதுவும் அடிக்க வேண்டும். அதோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடக் கூடாது, விஷவாயு கிளம்பும். உப்பு என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளே போய், அடுத்த முறை காயும்போது மறுபடி வெளியே வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் அள்ளி, வெளியே கொட்ட வேண்டும்.

உப்பு இருக்கிற இடத்தில் தண்ணீர் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து? ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் வைத்துக் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டினேன். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் விட்டேன். தாளின் அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று. சுவர்ப்பக்கம் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. இங்கே சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நின்றது. கொப்புளத்துக்கு மேலே ஒட்டிய இன்னொரு தாள் காய்ந்தே இருந்தது. அப்படியானால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது.

வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தேன். மேற்குப் பக்கம் முன்பு மண் தரையாக இருந்தது. வண்டி நிறுத்த வசதியாக இரண்டு வருஷத்துக்கு முன் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். அந்தத் தளம் உள்ளே இருக்கும் தரையைவிட ஒரு சாண் உயரம், சுவரை ஒட்டியே போட்டது. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் சுவரோரம் நிற்கிறது. சுண்ணாம்பும் செங்கலும் அதைத் திரி எண்ணெய் இழுப்பது மாதிரி இழுக்கின்றன. இந்தக் காலத்து வீட்டில் அடித்தளத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் ஒரு தடுப்பு வரிசை போடுவார்கள். இந்தப் பழைய சுவரில் அது கிடையாது. இவ்வளவும் போதாதென்று, யாரோ முன்னொரு முறை உள்ளே இடுப்பளவுக்குக் காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்டால் பூசியிருந்தார்கள்.

இப்போது என் பிரைமர் செய்தது என்ன என்று பாருங்கள். பழைய வெள்ளை இருந்தவரை, ஏறிய ஈரம் சுவர் முழுக்க மெல்ல மூச்சு விட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் எண்ணெய் வகைப் பிரைமர், இரண்டு கோட்டிங் எமல்ஷன் என்று நான் மூடிவிட்டேன். தண்ணீர் வெளியேற முடியாமல் தோலுக்குப் பின்னால் நின்று, அதிலிருந்த உப்பு அங்கேயே படிகமாக வளர்ந்து, தோலைத் தள்ளிவிட்டது. பட்டாசலில் சுரண்டாததும் பிரைமர் இல்லாததும் குற்றம். இங்கே பிரைமர் அடித்ததே குற்றம்.

சரிசெய்தது பெயிண்ட் வேலையே இல்லை. புரட்டாசியில், அடைமழைக்கு முன்னால், கொத்தனாரை வைத்துச் சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, மண்ணைத் தாழ்த்தி, சரளை போட்டு, தண்ணீர் தெருப்பக்கம் ஓட வாட்டம் கொடுத்தோம். உள்ளே சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கலைத் திறந்தே போட்டோம். கல்யாணம் முடிந்த வீடு என்பதால் அக்கா பொறுத்துக்கொண்டார். மார்கழி முடியும் வரை சுவர் அப்படியே நின்றது. வாரம் ஒரு முறை அவரே உப்பைத் தட்டிவிட்டார். தையில் சுண்ணாம்புக் காரையால் பூசி, அது இறுகக் காத்திருந்து, மூன்று முறை சுண்ணாம்பு அடித்தோம். பிரைமர் இல்லை, எமல்ஷன் இல்லை. சுண்ணாம்பு வெள்ளை உறிஞ்சுகிற சுவரில்தான் பிடிக்கும், அதற்குக் கீழே பிரைமர் போட்டால் அதுவே கெடுதல். நிறம் வேண்டும் என்றார், கொஞ்சம் காவி கலந்து கொடுத்தேன்.

"ஓதம் தடுக்கும் பிரைமர்னு கடையில விக்குதே, அதை அடிச்சா போதாதா?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். வெளியிலிருந்து எப்போதாவது சாரல் அடித்து நனையும் சுவரில் அந்த வகைக்கு வேலை உண்டு. தரையிலிருந்து ஏறும் தண்ணீருக்கு உள்பக்கம் மூடி போட்டால், தண்ணீர் மூடிக்கு மேலே ஏறிப் போய் அங்கே முளைக்கும். அதையும் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன், கறை இரண்டடியிலிருந்து நாலடிக்குப் போயிருந்தது.

அடுக்களை

கேஸ் வருவதற்கு முன்னால் விறகடுப்பு எரிந்த அடுக்களை. நான் அடித்த தந்த நிற எமல்ஷனில் ஒரு மாதத்திலேயே டீத்தண்ணீர் சிந்திய மாதிரிக் கறைகள். ஆள் வைத்து இன்னொரு கோட்டிங் அடித்துப் பார்த்தார்களாம், அதிலும் வந்துவிட்டது. எத்தனை கோட்டிங் அடித்தாலும் வரும். தண்ணீர் கலந்த பெயிண்ட் பழைய புகைக்கறையைக் கரைக்கிறது, மேலே காயும்போது அந்தக் கறையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இங்கே சலவை சோடா கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் போகக் கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசி, காய்ந்ததும் எண்ணெய் வகைப் பிரைமர் ஒரு கோட்டிங் அடித்தேன். மூன்று நாள் விட்டுப் பார்த்ததில் அடுப்புக்கு நேர் மேலே மட்டும் லேசாகத் தெரிந்தது. அங்கே இன்னொரு கோட்டிங். அதன் பிறகே எமல்ஷன்.

கீழே நாலடிக்கு வேறு கதை. அங்கே பழைய பச்சை எனாமல் (பளபளப்பான எண்ணெய் வகைப் பெயிண்ட்) இருந்தது. அதன்மேல் நான் அடித்த எமல்ஷன் நகத்தால் கீறினால் ரப்பர் மாதிரி நீளமாக உரிந்தது. வழுவழுப்பான எனாமலில் அதற்குப் பிடிமானம் இல்லை. கீழே இருப்பது எனாமலா எமல்ஷனா என்று சந்தேகம் வந்தால், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்க்கலாம். எமல்ஷன் இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டும், எனாமல் அசையாது. இதில் நான் எடுத்த முடிவு பிரைமர் வேண்டாம் என்பது. எமல்ஷனை உரித்து, எனாமலின் பளபளப்பு சாகும் வரை உப்புத்தாள் போட்டு, துடைத்து, மறுபடி எனாமலே அடித்தேன். எனாமலுக்கு மேல் எமல்ஷன்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தால், தேய்த்த பிறகு பிரைமர் இல்லாமல் முடியாது.

உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தோம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உலர்ந்து தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். அக்காவின் பேரப்பிள்ளை தவழ்கிற வயது. அவனை அந்த இரண்டு நாள் தென்காசியில் அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். சேற்றைத் துணியில் துடைத்துக் கட்டிப் போட்டோம், சாக்கடையில் கழுவி விடவில்லை.

நடையில் வெளுத்த திட்டு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுச் சிமெண்டுப் பூச்சு, அதற்கு பதினோரு நாள் கூட ஆகாதபோது நான் அடித்த நீலம். புதுச் சிமெண்டின் காரத்தன்மை 12, 13 பிஎச் அளவில் இருக்கும். ஈரம் வற்றும் வரை அந்தக் காரம் மேலே வந்துகொண்டே இருக்கும், சில நிறமிகள் அதில் வெளுத்துவிடும். பூச்சுக்கு 28 நாளாவது விட்டிருக்க வேண்டும், பிறகு காரம் தாங்கும் தண்ணீர் வகைப் பிரைமர். எண்ணெய் வகையை இந்த இடத்தில் தொடக்கூடாது. காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், பெயிண்ட் பிசுபிசுத்துப் பெயரும். ஆடிக்குள் பூச்சு தானாகவே ஆறிவிட்டதால், தையில் ஒரு பிரைமரும் இரண்டு கோட்டிங்கும் போதுமானதாக இருந்தன.

மாடி: எதுவும் செய்யாமல் சரியாக நின்றது

மாடி அறைகளில் ஏற்கெனவே நல்ல எமல்ஷன் இருந்தது. சித்திரையில் கையால் தேய்த்தபோது பொடி வரவில்லை. ஈரத்துணியால் துடைத்தபோது நிறம் ஒட்டவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தபோது உடனே உறிஞ்சாமல் கொஞ்ச நேரம் நின்று வழிந்தது. அந்தச் சுவருக்கு அதன் பழைய பெயிண்டே பிரைமர். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, இரண்டு கோட்டிங். "எல்லா சுவருக்கும் ஒரு பிரைமர் அடிச்சிட்டா பயமில்லைல்லா" என்று அக்கா கேட்டபோது இந்த அறையைத்தான் காட்டினேன். நல்ல எமல்ஷன்மேல் மலிவு பிரைமர் அடித்தால் கெட்டியான அடித்தளத்துக்கும் புதுப் பெயிண்டுக்கும் நடுவில் ஒரு பலம் குறைந்த அடுக்கைச் செருகுகிறோம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறை அங்கேயும் இருந்தது. சுவிட்ச் போர்டு மாற்றிய இடத்தில் கையகலம் பட்டி (சுவரைச் சமன்செய்ய இழுக்கும் மாவு) பார்த்திருந்தோம். சாயந்திரம் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பட்டி வறண்டது, பெயிண்டின் ஈரத்தையும் பசையையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கையகலத்துக்கு மட்டும் பிரைமர் தொட்டிருந்தால் போதும், அறை முழுக்க அல்ல. அதைச் சரிசெய்யும்போது அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட்டிங் ஓட்ட வேண்டியதாகிவிட்டது. நடுவில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும்.

பட்டி என்றதும் இன்னொன்று. வெள்ளைச் சிமெண்டில் செய்த பட்டியைப் பழைய பெயிண்ட்மேல் இழுக்கிறார்கள். அது வெறும் பூச்சில் பிடிப்பதற்கான சாமான், பெயிண்ட்மேல் கொஞ்ச நாளில் ஏடாக வரும். பெயிண்ட் இருக்கும் சுவரில் பிரைமர், அதன்மேல் அக்ரிலிக் பட்டி, தேய்த்துத் தூசி துடைத்து மறுபடி பிரைமர், அப்புறம் பெயிண்ட். பட்டிக்குப் பின்னால் வரும் பிரைமரை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். பட்டித் தூசியைத் துடைக்காமல் அடித்தாலும், பட்டாசலில் நடந்ததுதான் சின்ன அளவில் நடக்கும்.

தையில் வேலை நடந்தபோது, மகள் அறையில் அடர்நீலத்தை மாற்றி வெளிர்மஞ்சள் கேட்டார்கள். சுவர் நல்ல சுவர், ஒட்டுவதற்குப் பிரைமர் தேவையில்லை. ஆனால் மஞ்சள் மூடும் சக்தி குறைந்த நிறம், நாலு கோட்டிங் போனாலும் நீலம் எட்டிப் பார்க்கும். அங்கே தரமான வெள்ளைப் பிரைமர் ஒன்று அடித்ததும் இரண்டு கோட்டிங்கில் மூடியது.

ஒரு வருஷம் கழித்து

அடுத்த ஆடியில், சாரல் நன்றாகப் பிடித்த ஒரு மத்தியானம் நானே போனேன், கூப்பிடவில்லை. பட்டாசலில் நாலு மூலையிலும் டேப் ஒட்டி இழுத்தேன். எதுவும் வரவில்லை. அடுக்களையில் கறை இல்லை. நடையில் நீலம் ஒரே சீராக இருந்தது.

கீழ்ப் படுக்கையறையில் வடமேற்கு மூலையில் மட்டும், தரையை ஒட்டி நாலு விரல் உயரத்துக்கு மெல்லிய உப்பு. அந்த மூலைக்கு வெளியே தண்ணீர்க் குழாய் போகிறது, அதனால் தளத்தை அங்கே முழுசாக உடைக்க முடியாமல் விட்டிருந்தோம். சுண்ணாம்பு கொப்புளிக்கவில்லை, பெயரவில்லை. உப்பு அதன் வழியாக வெளியே வந்து பொடியாக நின்றது, அக்கா விளக்குமாற்றால் தட்டிவிட்டார். "இதுக்கு இனி என்ன அடிக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். இப்போது எதுவும் வேண்டாம், தை மாதம் அந்த மூலைக்கு ஒரு கை சுண்ணாம்பு போடுவோம், குழாயை எப்போது மாற்றுகிறீர்களோ அன்றைக்கு என்னையும் கொத்தனாரையும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.